கவனம் போயிருந்த இடம்

1

டெல்ஃப்ட் நகரத்து நீச்சல் குளத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் இருக்கிறது. தேர்வு நாளில் அதைத் தண்ணீருக்குள் திரைபோலத் தொங்கவிடுவார்கள். நடுவில் ஓர் ஓட்டை. நெதர்லாந்தில் வளரும் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் மூச்சை அடக்கி அந்த ஓட்டைக்குள் புகுந்து அந்தப்புறம் வந்துவிடுகிறார்கள். வந்தால் ‘ஏ’ டிப்ளோமா, கைதட்டல், அப்பாவின் தோளில் ஓர் ஊர்வலம். தெருவுக்குத் தெரு கால்வாய் ஓடுகிற ஊர். விழுந்தால் பிழைக்கத் தெரிய வேண்டுமே.

என் மகன் கதிர் இந்த வருடமும் திரைக்கு இந்தப்புறமே நின்றுவிட்டான். எட்டு வயது. கைகாலை வீசி நன்றாகவே நீந்துவான், தலை மட்டும் தண்ணீருக்குள் போகாது. வீட்டிலும் அப்படித்தான். தலைக்குக் குளிக்கும் நாள் என்றால் காலையிலிருந்தே வீட்டுக்குள் கலவரம் நடக்கப்போகும் தெருவின் அமைதி இருக்கும். ஷவரைத் திறக்கவே கூடாது. கண்ணுக்கு மேல் துண்டை மடித்து அவனே பிடித்துக்கொள்வான். நான் கோப்பையில் மொண்டு, பின்மண்டையில், ‘இப்போ ஊத்துறேன்... இப்போ ஊத்துறேன்...’ என்று சொல்லிச் சொல்லி ஊற்ற வேண்டும். சொல்லாமல் விழும் ஒரு சொட்டுக்கு அவன் போடும் அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார்.

தேர்வில் தோற்ற அன்று சாயங்காலம் பாண்டி மாமா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். குற்றாலம் பேரருவி. சாரலில் நனைந்த போன். படம் முழுக்க வெள்ளைப் புகை. அதற்குள்ளிருந்து மாமாவின் குரல்.

“ஏட்டி செல்வி, சீசன் அருமையா இருக்கு பாத்துக்கோ. பயலக் கூட்டிட்டு வா. ஒரு மண்டலம் அருவியில நிறுத்துவோம். தலையில தண்ணி விழ விழ எல்லாம் தெளிஞ்சிரும். ஒன் தம்பிக்குத் தெளியலயா?”

பாண்டி மாமா என் அம்மாவின் அண்ணன். சுரண்டையில் மளிகைக் கடை வைத்திருந்து, முட்டிவலி வந்தபின் மகனிடம் விட்டுவிட்டுத் தென்காசியோடு வந்துவிட்டவர். அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தால் அது மாமாதான். அந்த வீடியோவை நான் குளியலறைக்குள் நின்று பார்த்தேன். முடிந்த பிறகும் அருவி நிற்கவில்லை. மேலே சுற்றும் காற்றாடியின் இரைச்சல் என்று தெரிந்து அதை அணைத்தேன். அப்போதும் நிற்கவில்லை.

ஒன் தம்பிக்குத் தெளியலயா?

2

ஊரில் இருப்பவர்களுக்கு இங்குள்ள நடைமுறையைச் சொல்லி மாளாது. கதிரின் ஆசிரியை முதன்முதலில் அவனைப் பற்றி என்னிடம் சொன்ன சொல் ‘ட்ருக்’. நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். தினமும் கிழவர்களின் கையில் பட்டையைச் சுற்றி நான் அளக்கும் ரத்த அழுத்தத்துக்கு இங்கே அந்தச் சொல்தான். பதறிப்போய், “ஆறு வயசுலயா? உப்பைக் குறைச்சிடுறேன்” என்றேன். ஆசிரியை என்னை வெகுநேரம் பார்த்தாள். ஓரிடத்தில் நில்லாத பிள்ளையையும் அந்தச் சொல்லால்தான் சொல்வார்களாம். கணவர் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார். நான் சிரித்தது மறுநாள்தான்.

பிறகு குடும்ப மருத்துவரின் கடிதம். கடிதத்துக்கு நகராட்சியின் ஒப்புதல். ஒப்புதல் வந்ததும் காத்திருப்போர் பட்டியலில் சேர்வதற்கான காத்திருப்பு. அதற்குள் மரங்கள் இலை உதிர்த்து, இலை விட்டு, மறுபடி உதிர்த்துவிட்டன. கதிர் வகுப்பில் பென்சிலைக் கடித்தான், நாற்காலியோடு சாய்ந்து விழுந்தான், கணக்குப் போடும்போது ஜன்னலில் ஊரும் பூச்சியின் கால்களை எண்ணினான். “நானும் சின்னதுல இப்படித்தான்” என்பார் கணவர், அது ஒரு மருந்து என்பதுபோல. பிள்ளையின் தமிழும் இடையில் மெலிந்துகொண்டே வந்தது. அவன் கோபப்படுவது டச்சில். பசிப்பது மட்டும் தமிழில்.

நானோ, அவன் பார்வை போகும் திசையெல்லாம் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். எங்கே பார்க்கிறான்? யாரை? சாப்பாட்டு மேசையில் அவன் கண் வாசல் பக்கம் திரும்பினால் நானும் திரும்பிப் பார்ப்பேன். அந்தப் பார்வையை நான் முன்பே ஒரு பிள்ளையிடம் பார்த்திருக்கிறேன்.

3

என் தம்பி வேலுவுக்கு நாலு வயது, எனக்கு எட்டு. அப்பா பம்பாயில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மாமா ரயிலேறிப் போய் எல்லாம் முடித்துவிட்டு, மீசையில்லாமல் தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கினார்.

“மாமா, மீச எங்க?” என்று கேட்டான் வேலு.

“பம்பாயில வெயிலு தாங்கலலே. எடுத்துட்டேன்.”

“அப்பா?”

“அவுகளுக்கு லீவு கெடைக்கல.”

எனக்குச் சொன்னார்கள். பெண்பிள்ளை, வீட்டு வேலைக்கு ஆள், தெரிந்துதானே ஆக வேண்டும். தம்பியிடம் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னார்கள். பச்சைப் பிள்ளை, ஏங்கிப்போய்விடும், விவரம் தெரிந்தால் அவனாகவே புரிந்துகொள்வான். எல்லோரும் சேர்ந்து நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு. எந்த நாளில், யார் சொல்வது என்று மட்டும் யாரும் பேசவில்லை.

அம்மா செய்ததுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாதது. பையன் கேட்டுவிடக் கூடாதே என்று வீட்டுக்குள் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொள்வாள். தெருவில் இறங்கும்போது நிலைப்படியில் நின்று முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் மறுபடி. “செத்தவனுக்குப் பொட்டு வைக்குதா பாரு” என்று பின்வீட்டில் பேசியது எங்கள் அடுக்களைக்கே கேட்டது. துடைத்துத் துடைத்து அந்த இடத்தில் தோல் தடித்து ஒரு சிவப்புக் கறை நின்றுவிட்டது. வேலு அந்தக் கறையைப் பார்ப்பான். சாப்பிடும்போது, எண்ணெய் தேய்க்கும்போது, தூக்கம் சொக்கும்போது. வந்து வந்து போகிற அந்தப் பொட்டில் ஏதோ இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மதுரை ரோடு. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து நிற்பான். கரும்பலகையில் ‘அ’ இருந்தாலென்ன, ‘ஃ’ இருந்தாலென்ன! வாத்தியார் அடித்தார். அடிக்கும்போதும் ரோட்டைத்தான் பார்த்தான். ராத்திரி தூக்கத்தில் பேசினான், பாயை நனைத்தான், ஒரு நாள் காரணமே இல்லாமல் சோற்றுப் பானையை எட்டி உதைத்தான். புத்தி பேதலிச்சிட்டு என்றது தெரு.

எங்கள் பக்கத்தில் புத்தி கலங்கியவர்களைக் குற்றாலத்து அருவியில் நிறுத்துவது வழக்கம். மூலிகைத் தண்ணீர், மண்டையில் விழ விழ உள்ளே இருப்பது இறங்கும் என்பார்கள். அந்தச் சீசனில் பாண்டி மாமா எங்கள் தென்காசி வீட்டிலேயே தங்கி, சுரண்டைக் கடையைத் திறக்கப் போவதற்கு முன்னால், ஒரு மண்டலம், விடியலில் வேலுவைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கொண்டுபோனார். உச்சியில் நல்லெண்ணெய் வைத்து, இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பேரருவிக்குள் நிறுத்தினார். சில நாள் அம்மாவும் நானும் போவோம். நாங்கள் பெண்கள் பக்கம். அங்கிருந்து பார்த்தால் ஆண்கள் பக்கத்தில் வெள்ளையாக இடிந்து விழும் தண்ணீரும், அதற்குக் கீழே முழங்கால்களும்தான் தெரியும். அத்தனை கால்களுக்கு நடுவே குச்சிபோல இரண்டு கால்கள் உதறும். உதறும், உதறும், பிறகு நிற்கும்.

மண்டலம் முடிந்தபோது வேலு அடங்கிவிட்டான். பஸ்ஸைப் பார்ப்பதில்லை. கேள்வி இல்லை. தூக்கத்தில் பேச்சில்லை. வகுப்பில் பலகையைப் பார்த்தான், எழுதினான், பாஸானான். இலஞ்சி முருகன் கோயிலில் தேங்காய் விடலை போட்டார்கள். ஒரே பாயில் படுத்த எனக்குத் தெரியும், பக்கத்தில் கிடந்தது முன்பு கிடந்த பிள்ளை இல்லை. ஆள் இருக்கிறான், உள்ளே விளக்கில்லை.

அதற்குப் பிறகு ஒரு பிள்ளையின் தலையில் தண்ணீர் விழும் சத்தத்தை என்னால் கேட்க முடிந்ததில்லை.

4

குழந்தை மனநல நிபுணரைப் பார்க்கும் நாள் ஒருவழியாக வந்தது. நரைத்த குட்டை முடி, பெரிய காலணி, மழைக்கோட்டோடு சைக்கிளில் வந்து இறங்கிய அம்மாள். கதிரைப் பள்ளியிலும் போய்ப் பார்த்திருந்தாள். என்னிடம் தரையில் கிடந்த மரக்கட்டைகளை எடுத்து அடுக்கிக்காட்டிப் பேசினாள்.

மூளை பின்கட்டிலிருந்து வாசலை நோக்கிக் கட்டப்படும் வீடு என்றாள். பயம், பசி, அழுகை எல்லாம் பின்கட்டில், பிறக்கும்போதே குடியேறிவிடும். ‘பொறு, இதைப் பார், அதை விடு’ என்று சொல்கிற ஆள் உட்கார வேண்டிய முன்னறை கடைசியில்தான் முடியும். இருபது வயது தாண்டியும் பூச்சு வேலை நடக்கும். அதுவரைக்கும் பிள்ளைக்கு முன்னறை யார்? எதிரே இருக்கும் பெரியவர்களின் முகம். அவர்கள் அமைதியாக இருந்தால் அந்த அமைதியைக் கடன் வாங்கித்தான் பிள்ளை எதையும் உற்றுப் பார்க்கப் பழகுகிறது. கோபமும் துக்கமும் வரும்போது அதற்கு ஒரு பெயரைச் சொல்லிக் கொடுத்தால் அதையும் வாங்கிக்கொள்கிறது.

நான் வேலுவைப் பற்றிச் சொன்னேன், என்னுடைய ஓட்டை டச்சில். பொட்டு என்பதை விளக்கவே வெகுநேரம் ஆயிற்று. அவள் கட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

“உங்கள் தம்பிக்குக் கவனம் இல்லாமல் இல்லை” என்றாள். “இருந்த கவனம் அத்தனையும் வேறொரு வேலையில் இருந்தது. வீட்டில் எல்லோர் முகமும் ஒன்றைச் சொல்கிறது, வாய் வேறொன்றைச் சொல்கிறது. அந்த வயதில் அதைவிட முக்கியமான பாடம் உண்டா?”

“கதிரும் அப்படித்தானா? அவன் எதற்குக் காத்திருக்கிறான்? என் பயம் அவனுக்குப் போய்விட்டதா?”

அவள் சிரித்தாள், ஆனால் மரியாதையாக. கதிர் எதற்கும் காத்திருக்கவில்லை என்றாள். அவனுக்கு எல்லாமே ஒரே சத்தமாக உள்ளே வருகிறது. எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. அவன் முன்னறை மெதுவாகக் கட்டப்படுகிறது. அவன் தோலும் காதும் எல்லாவற்றையும் அதிகமாகவே உணர்கின்றன. தலையில் விழும் தண்ணீர் நமக்குத் தண்ணீர், அவனுக்குக் கல்மழை. “எல்லாப் பிள்ளையும் துக்கத்தில் இல்லை, அம்மா. சிலர் இப்படித்தான் வருகிறார்கள். உதவி செய்யலாம். ஆனால் பலவந்தமாக நனைக்காதீர்கள். பயந்த பிள்ளை அடங்கும். அடங்குவதும் தேறுவதும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும்.”

நிம்மதியாக வெளியே வந்திருக்க வேண்டும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. துக்கம் என்றால் எனக்குத் தெரிந்த ஊர், வழி காட்டியிருப்பேன். இது எனக்குத் தெரியாத ஊர்.

அம்மாவின் திதி ஆடியில் வருகிறது. பயணச்சீட்டு முன்பே எடுத்திருந்தோம்.

5

கணவருக்கு விடுப்பு கிடைக்காததால் கதிரும் நானும் மட்டும் போனோம். மாமா எண்ணெய் வாங்கி வைத்திருந்தார். செக்கில் ஆட்டியது, வாங்கியது இவனுக்கென்றே. இறங்கின அன்றே கதிரின் தலையைத் தடவிப் பார்த்தார், பலாப்பழம் வாங்குவதைப்போல.

“சூடு, பூரா சூடு. அந்த ஊரு ரொட்டியத் தின்னா மண்ட காயாம என்ன செய்யும்?”

“மாமா, அவனுக்குத் தலையில தண்ணி விழுந்தா ஆகாது. டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“டாக்டர் குத்தாலத்தப் பாத்திருக்காளா?”

“இல்ல.”

“பொறவு?”

அவ்வளவுதான் விவாதம். நான் அவனைப் பெண்கள் பக்கம் என்னோடு வைத்துக்கொள்கிறேன் என்றேன். “எட்டு வயசு ஆம்பளப் பயலப் பொம்பளையளுக்கு நடுவுலயா? ஊரு சிரிக்கும்டி. தாய்மாமன் இருக்கான்லா, வேலு புடிச்சு நிறுத்தட்டும். நான் கூட நிக்கேன்” என்று முடித்துவிட்டார். என்னால் எட்டமுடியாத அந்தப் பக்கத்தில் என் பிள்ளைக்கு இருக்கும் ஒரே ஆள் என் தம்பி. அவனோ, அந்த மண்டலத்துக்குப் பிறகு மாமாவிடம் எதற்கும் ‘மாட்டேன்’ என்று சொன்னதில்லை. படிப்பு, கடை, கல்யாணம் எல்லாம் மாமா காட்டிய திசையில்.

வேலுவின் ஜெராக்ஸ் கடை தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. நாற்காலியை பஸ்களுக்கு முதுகு காட்டும்படி போட்டிருப்பான். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்பான். நான் போனபோது கூட்டமில்லை.

“ஏலே வேலு, மாமா நாளைக்கே கதிர அருவிக்குக் கூட்டிட்டுப் போணுங்காரு.”

“சொன்னாவக்கா. விடியக்காலம் காரு சொல்லியிருக்கேன்.”

“நீ வேண்டாம்னு சொல்லுலே.”

“நானா?” என்று சிரித்தான். “நான் சொல்லி இந்தத் தென்காசியில ஒரு பூனை நின்னுருக்கா?”

“ஒனக்கு நடந்தது அவனுக்கு நடக்கக் கூடாது.”

இயந்திரத்தில் காகிதம் சிக்கியிருந்தது. மூடியைத் திறந்து குனிந்துகொண்டே கேட்டான். “எனக்கு என்னக்கா நடந்துச்சு?”

“அருவியில... அந்தத் தண்ணிக்குள்ள...”

“அங்கனயா? அங்கன நல்லாத்தானே இருந்துச்சு.”

அவன் சிக்கிய தாளைக் கிழியாமல் இழுத்தான்.

“கத்தலாம்லா. அப்பா அப்பான்னு கத்துவேன். தண்ணி விழுத சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்காது. வீட்டுல அந்தப் பேச்ச எடுத்தாலே அம்மா மொகம் செத்துப்போவும். ஒன் மொகமுந்தான். அங்கன எவ்வளவு வேணும்னாலும் கத்தலாம்.”

“மாமா ஒன்னப் புடிச்சிட்டு நிப்பாரே. அவருக்குக் கேக்காதா?”

“கேட்டிருக்கும். கேக்காத மாதிரி நிப்பாவ. புடி மட்டும் இறுகும்.” தாள் முழுசாக வந்துவிட்டது. “மண்டலம் முடிஞ்சிட்டுன்னு ஒரு நாள் நிறுத்திட்டாவ. பொறவு எங்க போயிக் கத்த?”

“அண்ணாச்சி, ஆதார் ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வருமா?” என்று ஒருவர் வந்து நின்றார். “வரும், குடுங்க” என்று வாங்கிக்கொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால் செங்கோட்டை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அவன் திரும்பவில்லை. தோள்பட்டை மட்டும் லேசாக, மிக லேசாக அசைந்தது.

இத்தனை வருடம் நான் தண்ணீருக்குப் பயந்திருக்கிறேன். ஒவ்வொரு கோப்பைக்கும் முன்னறிவிப்புக் கொடுத்திருக்கிறேன். வேலுவின் பேச்சுக்குக் காதுகொடுத்தது ஊரிலேயே அந்தத் தண்ணீர் ஒன்றுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் கதிருக்கு அது கல்மழை. அது மாறவில்லை. வேலு காரையும் ரத்துசெய்யவில்லை.

6

விடிவதற்குள்ளேயே பேரருவியில் கூட்டம். எண்ணெயும் சாரலும் பஜ்ஜிப் புகையும் கலந்த வாடை. “மசாஜ் பண்ணலாமா அண்ணாச்சி?” என்று கூப்பிடுகிறவர்கள், ரம்புட்டான் கூடைகள், கம்பியில் வரிசையாக உட்கார்ந்த குரங்குகள். கதிர் கழுத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா அவன் சட்டையைக் கழற்றி உச்சியில் எண்ணெயை வைத்துத் தேய்த்தார். எண்ணெய் காது வழியே வழிந்தது. அதற்கே தோளைக் குறுக்கினான்.

“தாத்தா, இங்கயும் டிப்ளோமா குடுப்பாங்களா?”

“குடுப்போம்லே. ஒங்க ஊருல ‘ஏ’ மட்டுந்தான? நாங்க பி.ஏ.யே குடுப்போம்.”

நான் குனிந்து அவன் காதில், “பிடிக்கலன்னா வேண்டாம்னு சத்தமாச் சொல்லு” என்றேன். பிறகு வேலுவைப் பார்த்தேன். அவன் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டிருந்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை. மாமா பிள்ளையின் கையைப் பிடித்தார். மூன்று முதுகுகளும் ஈரப் படியில் இறங்கி ஆண்கள் பக்கத்துக் கூட்டத்துக்குள் போய்விட்டன.

பெண்கள் பக்கம் போய் நின்றேன். “ஏம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டு நனையாம நிக்கிய?” என்று ஓர் அம்மாள் என் முழங்கையை இழுத்தாள். எனக்கு அலறல் கேட்க வேண்டியிருந்தது. கேட்டால் ஓடலாம். ஓடி எங்கே போவது, தெரியாது. ஆனால் அருவி எல்லாக் குரலையும் தின்றுவிடுகிறது. சிரிப்பா, அழுகையா, சாமி பேரா, எல்லாம் ஒரே வெள்ளை. அந்தப் பக்கம் தண்ணீருக்குக் கீழே முழங்கால்கள் தெரிந்தன. சின்னக் கால்களைத் தேடினேன். நரைமயிர்க் கால்கள், தடித்த கால்கள், சாயம்போன அரைக்கால் சட்டைகள். ஒரு கணம் அந்தக் குச்சிக் கால்களைக் கண்டேன், உதறிக்கொண்டு. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. தண்ணீர் நொறுங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா!”

பின்னால் படியில் கதிர். தலையில் எண்ணெய் பளபளத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“அம்மா, ஒரு குரங்கு ஒரு அங்கிளோட கண்ணாடிய எடுத்துட்டு ஓடிருச்சு. ஒருத்தர் ஒளிச்சு சோப்பு போட்டார், போலீஸ் விசில் அடிச்சாங்க. அங்க ஒரு சிவப்புச் செருப்பு சுத்திட்டே இருந்தது, ஒத்தச் செருப்பு. தாத்தா என் கைய ரொம்ப டைட்டா புடிச்சாங்க. நான் வேண்டாம்னு சொன்னேன், சத்தத்துல கேக்கல. அப்புறம் வேலு மாமா தாத்தா காதுகிட்ட போய்க் கத்தினாங்க.”

“என்ன கத்தினாங்க?”

“‘இவன் யாரையும் தேடல மாமா. இவன விட்டுருங்க’ன்னு. அப்புறம் இன்னொரு தடவை. தாத்தா முகம் இப்படி ஆயிருச்சு.” உதட்டை உள்ளே மடித்துக் காட்டினான். “என் கைய விட்டுட்டாங்க. என்னைக் கம்பிகிட்ட நிக்கச் சொல்லிட்டு, அவங்க ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள போனாங்க. கட்டிப் புடிச்சுக்கிட்டு. பெரிய ஆளுங்க! ஒரு அண்ணன் பாத்து சிரிச்சான். வேலு மாமா வாய் பெருசாத் தொறந்திருந்தது, ஆனா சத்தம் வரல.”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவனும் உட்கார்ந்து, காதில் வழிந்த எண்ணெயை விரலால் வழித்து கைப்பிடிக் கம்பியில் கோடு போட்டான்.

“வேலு மாமா யாரைத் தேடினாங்க?”

எங்கள் குடும்பத்தில் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் பஜ்ஜி வாங்கித் தருவோம். பஜ்ஜிக் கடையும் பக்கத்தில்தான் இருந்தது.

“எங்க அப்பாவை” என்றேன். “அவங்க இறந்துட்டாங்க. வேலு மாமா அப்போ ரொம்பச் சின்னப் பையன். பயந்துடுவான்னு யாரும் அவன்கிட்டச் சொல்லல. வருவாங்க வருவாங்கன்னு பாத்துட்டே இருந்தான்.”

அவன் கால் ஆடிக்கொண்டிருந்தது. குரங்கைப் பார்த்தான், பழக்கூடையைப் பார்த்தான். கேட்கவில்லை என்றே நினைத்தேன்.

“இப்போ யாராச்சும் சொல்லிட்டாங்களா?” என்றான்.

வாயைத் திறந்தேன். ஆமாம் என்று சொல்லத்தான். பிறகு, யார் சொன்னார்கள் என்று தேடினேன். வேலு பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தான். சுவரில் அப்பா படத்துக்கு மாலை போட்டிருந்தது. அம்மா அடுக்களையில் இருந்தாள். அவன் படத்தைப் பார்த்தான், கைகால் கழுவப் போனான். அவ்வளவுதான். அம்மா சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள். திதிக்கு திதி மாமா எள்ளும் தண்ணீரும் விட்டார், சொல்லவில்லை. நான் கடல் தாண்டிப் போய், எத்தனையோ போன், எத்தனையோ பேச்சு. நாற்பதைத் தாண்டிய என் தம்பிக்கு அவன் அப்பா இறந்த செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

“இல்ல” என்றேன் கதிரிடம்.

“ஏன்?” என்றான். பதிலுக்கு நிற்காமல் குரங்கு பக்கம் திரும்பிவிட்டான்.

அவர்கள் இருவரும் படியேறி வந்தார்கள். மாமா கம்பியைப் பிடித்து முட்டி முட்டியாக. அவர் கண் சிவந்திருந்தது. அருவியில் குளித்தவர்கள் எல்லோருக்கும் சிவந்துதான் இருக்கும். வேலு துண்டைப் பிழிந்துகொண்டு நின்றான். நான் அவன் முன்னால் போய் நின்றேன்.

“வேலு, அப்பா செத்துப்போயிட்டாவலே. பம்பாயில, ஆஸ்பத்திரியில. ஒனக்கு நாலு வயசு. மாமாதான் போயிக் கொள்ளி வச்சாவ.”

சொல்லி முடித்ததும் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. ‘தெரியும்க்கா’ என்பான், சிரிப்பான், போவான். அவன் சிரிக்கவில்லை. துண்டில் தண்ணீர் தீர்ந்துபோன பிறகும் பிழிந்துகொண்டே இருந்தான். பிறகு, பத்தாவது படித்தபோதுகூட அவனுக்கு இருந்திராத ஒரு சின்னக் குரலில் கேட்டான்.

“அப்பாவுக்கு வலிச்சிச்சாக்கா?”

எனக்குத் தெரியாது. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா முகத்தைத் திருப்புவார் என்று நினைத்தேன். எத்தனையோ வருடமாக அதுதானே பழக்கம். அவர் கம்பியைப் பிடித்து உட்கார்ந்து, தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து, படியில் கிடந்த மண்ணைத் தட்டி, தனக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைத் துடைத்தார்.

“இங்கன வந்து உக்காருலே” என்றார். “சொல்லுதேன்.”